ஆளில்லாமல் சுற்றிய பெல்ட்

எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கலஹாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து ஸ்டோரை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் ஏற்றி வேறொரு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வேலை இருந்தது. உள்ளே வேலை செய்த எங்களுக்கு இல்லை. நான் ரோலர் அறையில் நின்றவன். கொழுந்தை உருட்டிப் பிழிகிற அந்த மெசின்களின் சத்தத்தில்தான் எனக்கு மீசை முளைத்தது, அதே சத்தத்தில்தான் நரைக்கவும் செய்தது. என் ஒரே மகனையும் அதே அறையில் சேர்த்துவிட்டிருந்தேன். மெசின்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணன். ஆக, ஸ்டோர் நின்ற அன்று ஒரே குடும்பத்தில் மூன்று ஆம்பிளைகள் வேலையில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டோம்.

நான் கண்டியில் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்குச் சேர்ந்தேன். மகன் பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குப் போனான். பேராதனையில் இறங்கி பஸ் மாறிப் போகவேண்டும்; வீட்டுக்கு வந்து சேரும்போது அவன் முகத்தில் பேசுகிற தெம்பு இருக்காது. மச்சான் எங்கேயும் போகவில்லை. "அந்த மெசினுங்களத் தவிர எனக்கு வேற யாரையும் தெரியாது மாப்ள" என்று சொல்லிவிட்டு எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கோழி வளர்த்தார்.

அந்த நாட்களில்தான் மகனுக்கு வெளிநாட்டு வேலை ஆசை வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்னா வேலை" என்று கேட்டதற்கு நாங்கள் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை. அது அவன் மனதில் தைத்துவிட்டது. கூடப் படித்த பையன்கள் போய்விட்டார்கள். அவர்களைப் போனில் பார்த்துப் பார்த்து இவனும் கிளம்ப நின்றான்.

எனக்கு விருப்பமில்லை. என் நெஞ்சு பழைய நெஞ்சு இல்லை. படி ஏறினால் மூச்சு விசில் அடிக்கிறது. இருப்பது ஒரே பிள்ளை. எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் யார் வைப்பது? இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரி வாய்விட்டுச் சொல்கிற ஆள். ஆனால் அவள் மனுசரிடம் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து குளித்து, எங்கள் இரண்டு பேரையும் மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். சூடத்தை ஏற்றிவைத்து அம்மன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தாயே, இந்த ஸ்டோரு திரும்ப ஓடட்டும். ஓடுற அன்னைக்கி நான் காப்புக் கட்டி உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். நீ ஒரு பதில் சொல்ற வரைக்கும் என் புள்ள கடல் தாண்ட மாட்டான்."

பிறகு மகன் பக்கம் திரும்பி, "கேட்டிச்சா?" என்றாள்.

"எனக்குக் கேட்டிச்சு. அதுக்குக் கேட்டிச்சான்னு பாரு."

"வாயில போடுவேன். சூடத்துல அடிச்சுச் சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே எரிகிற சூடத்தின் மேல் கையை அடித்துச் சத்தியம் பண்ணினான். எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் ஒரு பூட்டு கிடையாது. அவன் சிரித்ததைப் பார்த்து நானும் லேசாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு வெளிநாட்டுப் பேச்சை அவன் வீட்டில் எடுக்கவே இல்லை. அம்மனை நம்பி நானும் நிம்மதியாகக் காவலுக்குப் போய்வந்தேன்.

கண்டியில் பெரிய படம் போட்ட பலகை ஒன்று வைத்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மலை, பனி, நடுவில் ஒரு பழைய கட்டடம். கூர்ந்து பார்த்தால் எங்கள் ஸ்டோர். உடைந்த கண்ணாடியும் துருப் பிடித்த தகரமுமாக அப்படியே இருந்தது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள், சினிமா எடுக்க ஏற்ற இடங்கள் கண்டியில் நிறைய உண்டு, வாருங்கள் என்று. என் பக்கத்தில் இருந்த ஆளிடம் "இது எங்க ஸ்டோரு" என்று சொன்னேன். அவர் பலகையையும் என்னையும் பார்த்துவிட்டு, "அப்படியா, பாவம்" என்றார்.

பிறகு ஒரு அதிகாரி தோட்டத்துக்கு வந்து கூட்டம் வைத்தார். நல்ல மனுசன்தான், கதிரை போட்டும் உட்காராமல் நின்றே பேசினார். கண்டியைச் சுற்றி மூடிக் கிடக்கிற தேயிலை ஸ்டோர்கள், நெசவு ஆலைகள், அச்சகங்கள் எல்லாவற்றையும் சினிமாக்காரர்களுக்குக் காட்டப் போகிறார்களாம். புது ஆலை கட்ட யாரும் வரமாட்டார்கள், பழைய ஆலையைப் படம் பிடிக்க வருவார்கள், அதனால் ஊருக்கு வருமானம் என்றார். ஓடாமல் இருப்பதுதான் இப்போது அந்தக் கட்டடங்களின் மதிப்பு என்றார்.

பின்னாலிருந்து மச்சான் கேட்டார். "அப்ப ஐயா, நானும் ஓடாம இருக்கிற ஆளுதான். என்னையும் ரெண்டு போட்டோ எடுத்துக்கிறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். என் வீட்டுக்காரி மட்டும், "ஐயா, படம் எடுக்க வர்றவங்களுக்கு மெசின் ஓடணுமா, ஓடக் கூடாதா?" என்று கேட்டாள். அவர் மணியைப் பார்த்துவிட்டு கூட்டத்தை முடித்தார்.

கொஞ்ச நாளில் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். படக்காரர்கள் ஸ்டோரைப் பார்க்க வருகிறார்களாம், கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். அவர் சொன்னது கதவைத் திறக்க. நாங்கள் என்ன செய்தோம் என்றால், விருந்தாளி வருகிறார்கள் என்று ஆயுத பூசைக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்தோம். ஸ்டோர் மூடிய பிறகும் வருசா வருசம் கிளாக்கரிடம் சாவி வாங்கி நாங்கள் அந்த மெசின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைத்து வந்தவர்கள்தான். "ஓடாத மெசினுக்கு எதுக்கப்பா பூசை" என்று கிளாக்கர் முதல் வருசம் கேட்டபோது, "சீக்காளிக்குத்தானே மருந்து வேணும்" என்று மச்சான் பதில் சொன்னார். பழக்கம் அப்படி. இந்தத் தடவை இன்னும் மேலே போய், பெண்கள் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நூலாம்படையைத் துடைத்தோம். மச்சான் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். கீழ்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, ஒவ்வொரு ரோலருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

படக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிற பொடியன் முதலில் வந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. உள்ளே வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்ன ஐயா செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"சுத்தம் பண்ணினோம் தம்பி."

"அதுதான் பிழை. இது பேய்ப் படம் ஐயா. எங்களுக்கு அந்தத் தூசியும் துருவும்தான் வேணும். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வாறம்."

"தூசி வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு சாக்குல கட்டி வச்சிருப்போமே" என்றார் மச்சான்.

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. போனில் யாரிடமோ சிங்களத்தில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டான். பிறகு படம் எடுக்கிற ஆட்கள் மூட்டை மூட்டையாக மாவுப் பொடியும் பசையும் கொண்டுவந்தார்கள். கழுவின தரையில் அந்தப் பொடியைத் தூவ, கழுவின பெண்களையே கூப்பிட்டார்கள். அவர்களும் தூவினார்கள். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. அங்கே நிற்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

மெசினில் வைத்த பொட்டைத் துடைக்கச் சொன்னபோது மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் தொடவில்லை. "நான் மாட்டன். எங்கட அம்மாவுக்குத் தெரிஞ்சால் வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றான். கடைசியில் பொட்டின் மேலேயே தூசியைப் போட்டு மூடினார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது படத்தின் டைரக்டர் வந்து மெசின்களைச் சுற்றிப் பார்த்தார். சிங்களக்காரர், தலையில் தொப்பி. சும்மா ஒரு ரோலரைப் பிடித்துத் தள்ளினார். மூடிக் கிடக்கிற மெசின் அசையாது என்றுதான் நினைத்திருப்பார். எண்ணெய் விட்டு வந்த மெசின் அல்லவா, சத்தமில்லாமல் நகர்ந்து கொடுத்தது. அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தார். பிறகு மேலே அண்ணாந்து, மெசின்களை எல்லாம் ஓட்டுகிற அந்த நீளமான பெல்ட்டைக் காட்டி, இது சுற்றுமா என்று கேட்டார்.

"சுத்தும் மாத்தயா. கரண்டு குடுங்க, சுத்தும்" என்றார் மச்சான்.

படத்தின் கதையில் புதிதாக ஒரு காட்சி சேர்த்தார்கள். செத்துப்போன ஆட்களின் ஸ்டோரில், யாரும் இல்லாத நேரத்தில் மெசின்கள் தானாக ஓடுகின்றன. அதுதான் அந்தக் காட்சி.

மச்சானுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. கடையில் லீவு சொல்லிவிட்டு வரச்சொல்லி என் மகனைக் கூப்பிட்டார். லொறியில் ஜெனரேட்டர் வந்தது. மகனும் மாமனும் குனிந்து நிமிர்ந்து மோட்டாருக்கு வயர் இழுத்தார்கள். அவனை அந்த அறையில் அப்படிப் பார்த்து எவ்வளவு காலம். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. மாமன் கேட்பதற்கு முன்னே ஸ்பேனர் சாவியை எடுத்து நீட்டுகிறான். தாயே, இதை இப்படியே வைத்துக்கொள் என்று நான் மனதில் சொல்லிக்கொண்டேன்.

ஆள் ஒருத்தரும் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மகன் சுவருக்குப் பின்னால் சுவிட்சோடு உட்கார்ந்தான். நாங்கள் கதவுக்கு வெளியே. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் மேல் மேட்டில் நின்று உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி கூடையைக் கூட இறக்காமல் நின்றாள். டைரக்டர் கையை உயர்த்தினார். மகன் சுவிட்சைப் போட்டான்.

முதலில் பெல்ட் ஒரு மூச்சு விட்ட மாதிரி ஆடியது. பிறகு சுற்றியது. அதன் பின்னால் ரோலர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அந்தச் சத்தம் காலின் வழியாக ஏறி என் நெஞ்சுக்கு வந்தது. மேலே மரச் சட்டங்களில் இத்தனை வருசமாக ஒட்டியிருந்த தேயிலைத் தூள் அதிர்ந்து பொலபொலவென்று கொட்டியது. படக்காரர்கள் போட்ட தூசியில் வாசம் இல்லை, இதில் இருந்தது. கொழுந்து இல்லாமல், ஆள் இல்லாமல், மெசின்கள் வெறுமனே உருண்டுகொண்டிருந்தன.

மேட்டில் யாரோ ஒரு பெண் தாங்கமுடியாமல் குலவை போட்டாள். உடனே இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். டைரக்டர் கத்தி நிறுத்தச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மேட்டுக்கு ஓடி, "அக்கா, அக்கா, சத்தம் போடாதேங்கோ, கெஞ்சிக் கேட்கிறன்" என்று கை கூப்பினான். மறுபடி ஓட்டினார்கள். அதற்குள் என் வீட்டுக்காரி அங்கே இல்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு மஞ்சளில் நூலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது, இன்னைக்கி வெள்ளிக்கிழமை கூட இல்லையே."

"காப்புக் கட்டணும்ங்க. ஸ்டோரு ஓடிருச்சு."

"அது படத்துக்கு ஓடினது. ஜெனரேட்டருல ஓடினது."

"முந்தி மட்டும் காத்துலயா ஓடினிச்சு?"

"விளையாடாத. இது கணக்கு இல்ல. கேமராவ எடுத்ததும் வயரக் கழட்டிட்டாங்க."

அவள் நூலைப் பிழிந்தாள். "ஆளு இல்லாம ஓடினிச்சு. பாத்தீங்கதானே. நான் ஓடணும்னு கேட்டேன், அம்மா ஓட்டிக் காட்டிட்டா. இனிமே ஓடினாலும் இப்படித்தான் ஓடும், நம்ம ஆளுங்க உள்ள இருக்க மாட்டாங்கன்னு காட்டிட்டா. பதில் வந்திருச்சுங்க. அவன இன்னும் கட்டி வச்சா அது என் குத்தம்."

நான் பூசாரியிடம் போனேன். எங்கள் பூசாரியும் தோட்டத்து ஆள்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, இது செல்லாது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

"நேந்தவ மனசுக்கு நெறஞ்சிருச்சுன்னா நானும் நீங்களும் குறுக்க நிக்க முடியாதுங்க" என்றார். கத்தியைப் பெருவிரலில் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணு. நேர்த்தியச் செலுத்திட்டா அந்தக் கோரிக்கை முடிஞ்சிது. ஸ்டோரு ஓடணும்னு மறுபடியும் அம்மா முன்னாடி போய் நிக்க முடியாது. வாங்கினவங்க வாங்கினவங்கதான்."

"அதை அவகிட்ட சொல்லுங்க பூசாரி."

"சொல்லாம இருப்பேனா? மலையில இருந்து நேரா இங்கதான் வந்திச்சு. சொன்னேன். தெரியும்னு சொல்லிட்டுத்தான் குளிக்கப் போச்சு."

கடைசியாக மகனைப் பிடித்தேன். நீ சொன்னால் கேட்பாள், சொல்லு என்றேன். அவன் கையில் இன்னும் மெசின் எண்ணெய் இருந்தது. பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"சுவிட்ச நான்தானே போட்டேன் அப்பா" என்றான்.

மச்சான் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அன்று அவரிடம் ஒரு பகிடியும் சிரிப்பும் இல்லை. "நான் அந்த எண்ணெய விடாம இருந்திருக்கணும் மாப்ள" என்றார். "நீங்க விடாம இருப்பீங்களா" என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

அவள் காப்புக் கட்டி, உப்புப் போடாமல் ஒரு வேளை சாப்பிட்டு, பாயில்லாமல் படுத்தாள். திருவிழாக் காலம் இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நாலு பெண்கள், ஒரு தப்பு அடிக்கிற ஆள், நாங்கள். அவ்வளவுதான். வேப்பிலை சொருகின சட்டியில் நெருப்பை வளர்த்து அவள் இரண்டு கையிலும் ஏந்தினாள். மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெருப்பு அணைந்துவிடுமோ என்று நான் பயந்தேன். உண்மையைச் சொன்னால், அணைந்தால் நல்லது என்றும் ஒரு பக்கம் மனம் கேட்டது. சகுனம் சரியில்லை என்று நிறுத்தலாமே. அணையவில்லை.

மகன் குடத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு அடிக்கும் அவள் காலில் ஊற்றிக்கொண்டே வந்தான். பாதை ஸ்டோருக்கு முன்னால்தான் போகிறது. கதவு பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறு யாருக்கோ உள்ளே காட்டுவதற்காகச் சாவி கொண்டுவர ஆள் அனுப்பிவிட்டு, வெளியே குடையோடு நின்றான். எங்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். அவனோடு வந்தவர்கள் போனை எடுத்தபோது, "வேண்டாம், இது படம் இல்லை" என்று தடுத்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கோவிலில் சட்டியை இறக்கிவைத்தபோது அவள் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. பூசாரி திருநீறு கொடுத்தார். அதை வாங்கி மகன் நெற்றியில் தானே பூசினாள். "இனிமே உன் இஷ்டம் சாமி. அம்மாகிட்ட சொல்லியாச்சு" என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினேன். மகனின் பேரும் நட்சத்திரமும் சொன்னேன். "என்ன வேண்டுதல்?" என்று பூசாரி கேட்டார். இத்தனை வருசமாக அந்தக் கேள்விக்கு என் வாயில் ஒரே பதில்தான், ஸ்டோரு திரும்ப ஓடணும். அது நாக்கு வரைக்கும் வந்து நின்றது. இனி அதைக் கேட்க முடியாது. வேறு எதையும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"வெளிநாட்டுக்குப் போறான்" என்றேன்.

"எந்த ஊருக்குன்னு சொன்னா நல்லது. சேத்துச் சொல்றேன்."

எனக்குத் தெரியாது. நான் விழித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மகன் சொன்னான். நாட்டின் பேர், ஊரின் பேர், போகிற மாதம் எல்லாம் அவனிடம் தயாராக இருந்தது. தடுமாறாமல் சொன்னான். என் வீட்டுக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் பழகாத பேராக இருந்ததால் பூசாரி அந்த ஊரை இன்னொரு தரம் கேட்டார். அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தான். பூசாரி அதை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, மணியை அடித்துக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பினார்.